தறி ஓடினால் கடிகாரமும் ஓடுகிறது

கேள்வி: கரண்டில் இருந்து 50 ஹெர்ட்ஸ் எடுத்து எண்ணும் டிஜிட்டல் கடிகாரம் செய்தேன். 9 வோல்ட் டிரான்ஸ்பார்மர், வோல்டேஜ் எகிறாமல் வெட்டும் ஜீனர் டயோடு, அதற்குப் பிறகு 74எச்.சி. வகை லாஜிக் ஐசிகள். பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடும்போது மட்டும் வேகமாகப் போகிறது. எல்லா கிளாக் இன்புட்டிலும் (எண்ணவேண்டிய துடிப்பு நுழையும் கால்) ஷ்மிட் டிரிக்கர் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா? – வாசகர், குடியாத்தம்

பதில்: உங்களுக்கு ஒரே ஓர் இடத்தில் போட்டால் போதும், ஜீனரை அடுத்து, முதல் கவுன்ட்டருக்கு (எண்ணும் ஐசி) முன்னால். 9 வோல்ட் சைன் அலை அதிவேகமாக ஏறுகிற இடத்தில்கூட மில்லிசெகண்டுக்கு 4 வோல்ட்தான் ஏறும். சாதாரண 74எச்.சி. ஐசியோ, 4.5 வோல்ட் சப்ளையில், இன்புட் 500 நானோசெகண்டுக்குள் ஏறி முடியவேண்டும் என்று கேட்கிறது. அந்த நேரத்தில் உங்கள் அலை நகர்வது வெறும் 2 மில்லிவோல்ட். 0, 1 என்று ஐசி பிரித்துப் பார்க்கும் எல்லைக்கோட்டில் அது ஆமை போல ஊரும்போது தறி மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல் சிக்னலை மேலும் கீழும் தள்ள, ஒரு அலையையே ஐசி இரண்டு மூன்றாக எண்ணிவிடுகிறது.

ஷ்மிட் டிரிக்கர் இதைத் தடுப்பது ஹிஸ்டெரிசிஸ் என்ற குணத்தால். அது (பிளஸ் டூவில் ‘காந்தத் தயக்கம்’ படித்தீர்களே, அதே தயக்கம்தான்) மாடித் தொட்டியின் ஆட்டோமேட்டிக் மோட்டார் மாதிரி. தொட்டி அடிமட்டத்துக்கு வந்தால்தான் ஓடும், நிரம்பினால்தான் நிற்கும், நடுவில் தண்ணீர் எவ்வளவு தளும்பினாலும் கண்டுகொள்ளாது. 74எச்.சி.14 என்ற ஷ்மிட் ஐசியில் அந்த நடு இடைவெளி, 4.5 வோல்ட் சப்ளையில், ஏறக்குறைய 1 வோல்ட். தறியின் இரைச்சல் அதையும் தாண்டுமானால் முன்னால் 10 கே ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். சீடி4017, சீடி4040 கவுன்ட்டர் ஐசிகளை வைத்துச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளாக் காலில் ஷ்மிட் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

மற்ற இடங்களில்? ஒரு ஐசியின் அவுட்புட் பக்கத்து ஐசிக்கு இரண்டு அங்குலத்தில் போனால் தேவையில்லை, சிக்னல் ஏற்கெனவே சட்டென்றுதான் ஏறி இறங்கும். நீளமான வயரில் வந்தாலோ, சுவிட்ச் அல்லது சென்சாரில் இருந்து வந்தாலோ போடுங்கள். சுவிட்ச் என்றால் மேலே சொன்ன ரெசிஸ்டர், கெப்பாசிட்டரும் சேர்த்துத்தான், தொடுமுனை துள்ளுவதை ஷ்மிட் மட்டும் தடுக்காது.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். நாளைக்குக் கரண்டை விட்டு 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு (குவார்ட்ஸ் கடிகாரத்தில் இருப்பது) மாறினால், அதை ஆட்டிவைக்கும் இன்வெர்ட்டராக (0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டும் ஐசி, வீட்டு இன்வெர்ட்டர் அல்ல) 74எச்.சி.14 போடாதீர்கள். அங்கே தயங்காத, நடுநிலையில் ஆம்ப்ளிஃபையராக நிற்கக்கூடிய 74எச்.சி.யு.04தான் வேண்டும். ஷ்மிட்டை வைத்தால் கிரிஸ்டலை விட்டுவிட்டு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சொல்கிற தாளத்துக்கு ஆடும், அப்புறம் தறி ஓடாத நாளிலும் நேரம் தப்பாகத்தான் காட்டும்.