சுவரிலும் பழைய அலமாரியிலும் மார்பிள், மரம் போலத் தெரியும் பெயிண்டிங்கை நாமே செய்ய முடியுமா? போலி என்று பளிச்செனத் தெரிந்துவிடுமா?

தாராளமாகச் செய்யலாம். படம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதைப் போலச் செய்யப்போகிறீர்களோ அந்த அசல் மரத்தையோ கல்லையோ நன்றாக உற்றுப் பார்த்திருக்க வேண்டும். போலி பல்லிளிப்பது பெரும்பாலும் அங்கே கோட்டை விடுவதால்தான்.

இந்த வேலைகள் பலவற்றுக்கும் அடிப்படை கிளேஸ். நிறமில்லாத, மெதுவாகக் காயும் ஒரு திரவம் அது. நான்கு பங்கு கிளேஸுக்கு ஒரு பங்கு பெயிண்ட் கலந்தால் அடியில் இருக்கும் நிறம் மேலே ஊடுருவித் தெரியும். அந்த ஆழம்தான் கண்ணை ஏமாற்றுகிறது. அடிப்பூச்சு லேசான பளபளப்புள்ள சாட்டின் வகையாக இருக்கட்டும். மேட் பெயிண்ட் கிளேஸை உறிஞ்சிக்கொள்ளும்; தடவியதை நகர்த்தவே முடியாது, திட்டுத் திட்டாக நின்றுவிடும்.

சுவரென்றால் இருவர் வேண்டும்: ஒருவர் ரோலரில் கிளேஸைப் பூசிக்கொண்டே போக, மற்றவர் கசக்கிய துணியாலோ பிரஷ்ஷாலோ பின்னாலேயே ஒற்றி எடுக்க வேண்டும். பூசிய ஓரம் காய்ந்த பிறகு அடுத்த பகுதியைத் தொடங்கினால், இரண்டும் சேரும் இடத்தில் கோடு விழும். அதை மறைக்க முடியாது. அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு முழுச் சுவரையும் ஒரே மூச்சில் முடியுங்கள். ஸ்பாஞ்சால் புள்ளி ஒற்றுவதைத்தான் எல்லோரும் முதலில் முயல்வார்கள். எளிதுதான்; ஆனால் எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழுந்து கண்ணை உறுத்தும்.

தொடங்குவதற்கு நான் சொல்வது ஒரு கதவு அல்லது அலமாரியில் மர ரேகை. மரத்திலேயே மிக வெளிறிய நிறத்தை அடிப்பூச்சாக வைத்து, அதன்மேல் கரும்பழுப்பு கிளேஸைப் பூசி, காய்ந்த பிரஷ்ஷால் நீளவாக்கில் இழுக்க வேண்டும். கணுவும் வளையமும் வேண்டுமென்றால் அதற்கென்றே வரிவரியான ரப்பர் கருவி இருக்கிறது. மெல்ல ஆட்டியபடி இழுக்க வேண்டும். ரேகையின் திசையில்தான் சூட்சுமம். தச்சர் செய்த கதவில் செங்குத்துச் சட்டத்தில் ரேகை மேலும் கீழுமாக ஓடும், குறுக்குச் சட்டத்தில் பக்கவாட்டில் ஓடும். மாஸ்கிங் டேப் ஒட்டி நடுப்பலகை, குறுக்குச் சட்டம், செங்குத்துச் சட்டம் என்று தனித்தனியாகச் செய்யுங்கள். கதவு முழுக்க ஒரே திசையில் இழுத்தால் ஸ்டிக்கர் ஒட்டியது போலிருக்கும்.

மார்பிளை ஒரு சிறிய மேசைப் பலகையில் பழகலாம். நரம்புகள் சாய்வாக ஓடட்டும். பிரியும், சேரும், சில இடங்களில் மங்கி மறையும். ஒரே தடிமனில் இழுத்தால் மின்னல் கீற்றுதான் கிடைக்கும். ஈரம் காயும்முன் மென்மையான பிரஷ்ஷால் லேசாக வருடிக் கலைத்துவிடுங்கள். கல்லில் செய்ய முடியாத பொருளில், உதாரணமாக மெல்லிய நாற்காலிக் காலில், மார்பிள் போடாதீர்கள். யாரும் நம்பமாட்டார்கள்.

போலி என்பதற்காகக் கூச்சப்படத் தேவையில்லை. இத்தாலியின் பண்டைய நகரமான பொம்பெயியில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே சுதையில் மார்பிள் பலகைகளைப் போலச் செய்து வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் மாளிகையின் வெளிச்சுவர் கல் அல்ல, பைன் பலகை. ஈரப் பெயிண்ட் மேல் மணலைத் தூவிக் கல்லாக்கிவிட்டார்கள்.

பழைய அலமாரியில் முதலில் எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடியுங்கள். மரத்தின் கறை மேலே கசியும் என்று தோன்றினால் ஷெல்லாக் (அரக்கு) பிரைமர் நல்லது. கடைசி வார்னிஷ் பூச்சு, வெளிர் நிறமென்றால் நீர் சார்ந்ததாக இருக்கட்டும். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளித்து உங்கள் வெள்ளை மார்பிளைத் தந்த நிறமாக்கிவிடும்.