மற்றவர்களைப் புரிந்துகொள்கிறேன், என்னை மட்டும் ஏன் மன்னிக்க முடியவில்லை?

யார் என்ன தவறு செய்தாலும் அவர்கள் நிலைமை உங்களுக்குப் புரிந்துவிடுகிறது, உங்களை மட்டும் மன்னிக்க முடியவில்லை, மன்னித்தால் மெத்தனம் வந்துவிடுமோ என்றும் பயம் என்கிறீர்கள். பினாங்கில் தாதியாக வேலை செய்பவள் நான். இதை வார்டில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு பாட்டியின் கையில் டிரிப் ஏற்ற எங்கள் இளம் தாதி திணறினாள். நரம்பு நழுவிக்கொண்டே இருந்தது. பாட்டியின் மகன் எல்லோர் முன்னிலையிலும் அவளைத் திட்டித் தீர்த்தார். பிறகு அவள் என்னிடம், "பாவம் அக்கா, வேலை முடிந்து பட்டர்வொர்த்திலிருந்து பாலத்து நெரிசலைத் தாண்டி வந்திருக்கிறார். அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் கத்திவிட்டார்" என்றாள். அதே மூச்சில், "நான்தான் இந்த வேலைக்கு லாயக்கில்லை" என்றாள்.

அவருக்குக் காரணம் தேடினாள். தனக்குத் தீர்ப்பு எழுதினாள். மதியம் சாப்பிடாதது, அன்றைய ஆள் பற்றாக்குறை, முதுமையில் நரம்பு எவ்வளவு மெலிந்துபோகும் என்பது, எதுவுமே அவள் கணக்கில் வரவில்லை. "அவரைப் பற்றிச் சொன்னாயே, அதே மாதிரி உன்னைப் பற்றியும் சொல்லம்மா" என்றேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

பிறர் இடத்தில் நின்று பார்ப்பதென்றால் விவரங்களைத் தேடிப் பார்ப்பதுதான். அந்தப் பழக்கம் உங்களிடம் நிறையவே இருக்கிறது. உங்கள் பக்கம் திருப்புவதுதான் பாக்கி.

தன்மீது காட்டும் பரிவை 2003இல் ஆய்வுப் பொருளாக்கிய அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப், அதில் மூன்று கூறுகளைச் சொல்கிறார்: தன்னிடம் கனிவு, தவறுவது எல்லா மனிதருக்கும் பொது என்ற உணர்வு, வலியை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் பார்ப்பது. அவரும் சக ஆய்வாளரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தன்மீது பரிவு மிகுந்தவர்கள் பிறர் கோணத்திலிருந்து பார்ப்பதிலும் மன்னிப்பதிலும் முன்னே இருந்தார்கள்; பிறர் துன்பம் கண்டு தாங்களே நிலைகுலைவதும் அவர்களிடம் குறைவு. என் வேலையில் இதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் நிலைகுலைந்தவர் நோயாளியை விட்டு விலகத்தான் பார்ப்பார். ஆனால் பிறர்மீது இரங்கும் மனத்துக்கும் தன்பரிவுக்கும் உள்ள தொடர்பு கல்லூரி மாணவர்களிடம் தென்படவில்லை; வயதில் மூத்தவர்களிடமும் தியானம் பழகியவர்களிடமும்தான் தெரிந்தது. ஒன்று வந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன்.

மெத்தனம் பற்றிய பயத்துக்கு 2012இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு பதில் சொல்கிறது. கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்களிடம் கடுமை வேண்டாம் என்று ஆறுதல் சொல்லப்பட்டவர்கள்தான் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள்.