கேளுங்கள், சொல்கிறேன்: உரிந்துபோன அலாய் வீல்

கேள்வி: என் கார் வாங்கி எட்டு வருஷம் ஆகிறது. அலாய் வீல் நாலும் வெளுத்து, ஓரமெல்லாம் உரசல். ஷாம்பு போட்டுக் கழுவி, வீட்டு முகப்பில் வைத்து ஸ்ப்ரே டப்பாவில் நானே சில்வர் அடித்தேன். தீபாவளிக்கு அடித்தது பங்குனி உத்திரத்துக்குள் தோல் மாதிரி உரிந்துவிட்டது. நல்ல கம்பெனி பெயின்ட் எது?
- வாசகர், பள்ளத்தூர்

பதில்: கம்பெனியை விடுங்கள். உரிந்த சில்லு ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் பெயின்ட் எதையும் பிடிக்கவே இல்லை. வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் பழைய அரிப்பின் மேலேயே அடித்துவிட்டீர்கள்.

அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் காற்றுப் பட்டவுடன் மெல்லிய ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும். இரும்புத் துரு மாதிரி இது உதிராது, உலோகத்தைக் காக்கும், ஆனால் சாதாரண பெயின்ட் அதன் மேல் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ கட்டாயம். உங்கள் கடிதத்தில் பிரைமர் என்ற பேச்சே இல்லை!

இன்னொரு சந்தேகம், டயர் பாலிஷ் போடுகிற பழக்கம் உண்டா? அதில் இருக்கும் சிலிக்கான் ஷாம்புக்கு அசையாது, அதன் மேல் அடித்தால் பெயின்ட் அங்கங்கே விலகிக் குழி விழும். எனவே முதலில் பெயின்ட் கடையில் கிடைக்கும் கிரீஸ் ரிமூவரால் துடைத்துவிட்டு அப்புறம்தான் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் அழுக்கைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள். ஒரு துணியால் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் வேறு துணியால் ஒற்றி எடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், எண்ணெய்ப் பசை விட்டுப்போகும்.

உரசல் விழுந்த ஓரத்துக்கு 80-ம் நம்பர் தாள், பிறகு 180, முடிவில் 320. வார்னிஷுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு தெரிகிற இடமெல்லாம் வெறும் உலோகம் வரும்வரை போக வேண்டும், பாதியில் விட்டால் அந்தப் புழு மறுபடி ஊரும். பழைய பெயின்ட் முடிகிற விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் இன்னும் தேயுங்கள். நம் பழைய வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காக ஏறி, கடைசிப் பூச்சைக் கண்ணாடியாகத் தேய்த்தார்களே, அந்தப் பொறுமை வேண்டும். ஆரங்களுக்கு நடுவிலுள்ள மூலை முடுக்குக்குத் தாள் போகாது, பச்சை ஸ்க்ரப்பரை மடித்துத் தேய்க்கலாம். உரிதல் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

பள்ளத்துக்குப் பட்டி வைப்பதானால் தேய்த்த வெறும் உலோகத்தில் வையுங்கள், எட்ச் பிரைமர் மேல் வைக்காதீர்கள். விரிசல் என்றால் பட்டி வைத்து மறைக்கிற வேலையே கூடாது, வீலை மாற்றுங்கள்.

பஞ்சர் கடையில் டயரைக் கழற்றிவிடுவது உத்தமம். முடியாவிட்டால் காற்றை இறக்கி, டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் சீட்டுகளை வரிசையாகச் செருகலாம். செட்டிநாட்டு வீட்டில் சீட்டுக்கட்டுக்கா பஞ்சம்? நட்டு உட்காரும் குழியிலும், வீல் ஹப்பில் (காரில் வீலை மாட்டும் வட்டில்) பதியும் பின்முகத்திலும் பெயின்ட் படவே கூடாது. அங்கே பெயின்ட் நசுங்கி நட்டு தளர்ந்துபோகும். மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

கடைசித் தேய்ப்பும் பிரைமரும் ஒரே நாளில் முடியட்டும், நடுவில் வெறுங்கை படக் கூடாது. ஆடிக் காற்றில் செம்மண் வந்து அப்பும், ஐப்பசியில் ஈரம். தை, மாசியில் வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் அலாய் வீலில் படிந்த பிரேக் கரி ஐந்து நிமிஷத்தில் போய்விடும் என்கிறார் நண்பர். சரியா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: கரியோடு வீலும் போகும். அந்த ஆசிட் அலுமினியத்தையே அரிக்கும், காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். அரிப்பையும் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953-லிருந்து இயங்கும் காரைக்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் செய்யலாமா? சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும், அரை மணி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.