கம்பைலருக்குள் பிழையை எங்கே வீசுவது, எங்கே சேர்த்து வைப்பது?

கேள்வி: ஓகேமல் (OCaml) நிரல்மொழியில், சிறிய ஃபங்ஷனல் மொழி ஒன்றுக்குக் கம்பைலர் (நிரலை இயந்திரக் குறியாக மாற்றும் மென்பொருள்) எழுதி வருகிறேன். டைப் சரிபார்ப்பில் பிழை கண்டவுடன் எக்செப்ஷன் (நடக்கும் வேலையை முறித்து வெளியே தாவும் அறிவிப்பு) வீசுவதால், முதல் பிழையோடு கம்பைலர் நின்றுவிடுகிறது. சில வேளைகளில் பயனருக்கு 'நாட் ஃபவுண்ட்' என்ற எக்செப்ஷனின் பெயர் மட்டுமே திரையில் தெரிகிறது. எல்லா இடங்களிலும், வெற்றியா பிழையா என்பதை மதிப்பாகவே திருப்பித் தரும் ரிசல்ட் டைப்புக்கு மாற்றிவிட்டால் இரண்டும் தீருமா?

பதில்: தீராது. நீங்கள் குறிப்பிடுபவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள்; ரிசல்ட் டைப் அவற்றில் ஒன்றைக்கூட முழுமையாகத் தீர்க்காது. ஓகேமல் 4.08 முதல் உள்ள 'லெட் ஸ்டார்' எழுத்துமுறையில் ரிசல்ட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு போனால், முதலில் வரும் எரர் மதிப்பு பின்னால் உள்ள எல்லா வேலைகளையும் விட்டுவிட்டு நேரே வெளியே வந்துவிடும். எக்செப்ஷனும் இதையேதான் செய்துகொண்டிருந்தது. ஒரு ஃபங்ஷன் தோற்கக்கூடும் என்பது அதன் டைப்பிலேயே எழுதப்படுவது மெய்யான ஆதாயம்தான், ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுவன்று. வேகத்துக்காக எக்செப்ஷனைத் தவிர்க்க வேண்டியதும் இல்லை. ஓகேமலில் எக்செப்ஷனைப் பிடிக்கும் 'ட்ரை' என்பது ஸ்டாக்கில் ஒரு சிறு பதிவை வைப்பதோடு முடிகிறது. அதை வீசும் 'ரெய்ஸ்' அந்த இடத்துக்கு நேரே தாவுகிறது.

முதலில் பிரித்தறிய வேண்டியது, தோல்வி யாருடையது என்பது. பயனரின் நிரலில் பிழை இருப்பதைக் கண்டு சொல்வது, இயந்திரக் குறியை உருவாக்குவதைப் போலவே கம்பைலரின் அன்றாட வேலை. ஆகவே அந்தப் பிழை, இடமும் காரணமும் கொண்ட ஒரு தரவாகச் சேர்த்து வைக்கப்பட வேண்டும். கம்பைலரின் சொந்தக் கணக்கு தப்பிப்போவது வேறு வகை: பெயர் தீர்வு (ஒவ்வொரு பெயரும் எந்த வரையறையைச் சுட்டுகிறது என்று கண்டறிதல்) முடிந்த பிறகும் ஒரு பெயர் அட்டவணையில் இல்லையென்றால், அதற்குப் பயனர் எந்த வகையிலும் பொறுப்பில்லை. அங்கே கம்பைலர் உடனே, உரத்த குரலில் நிற்க வேண்டும். ஹாஸ்கெல் மொழியின் ஜி.எச்.சி. கம்பைலரில் இதற்குப் 'பேனிக்' என்று பெயர். 'நடக்கவே முடியாதது' நடந்துவிட்டது என்று அறிவித்து, இதை ஜி.எச்.சி.யின் வழுவாகத் தெரிவிக்கும்படி அது பயனரைக் கேட்டுக்கொள்கிறது. கோப்பைத் திறக்க முடியாமை, வட்டு நிரம்புதல் போன்ற வெளியுலகத் தோல்விகளுக்கு வழக்கமான எக்செப்ஷனே போதும்.

உங்கள் 'நாட் ஃபவுண்ட்' இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது, அல்லது முதல் வகை இரண்டாம் வகையின் உடையில் வெளியே வந்திருக்கிறது. எது என்பதை அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதே அதன் குறை. ஓகேமல் 4.05 முதல் மேப், ஹாஷ் அட்டவணை, லிஸ்ட் ஆகியவற்றில் தேடலுக்கு ஆப்ஷன் (கிடைத்த மதிப்பு, அல்லது 'இல்லை' எனும் 'நன்') தரும் வடிவங்கள் உள்ளன. எல்லாத் தேடல்களையும் அவற்றுக்கு மாற்றுங்கள். 'நன்' வரும் ஒவ்வோர் இடத்திலும், இது பயனரின் பிழையா, என் பிழையா என்று நீங்களே எழுதித் தீர்மானிக்க வேண்டிவரும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் நான் பார்த்தவரை கம்பைலரில் மறைந்திருக்கும் வழுக்கள் பாதி இந்தச் சுற்றிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன. இதே காரணத்தால், எதையும் பிடிக்கும் 'ட்ரை வித் அடிக்கோடு' உங்கள் நிரலில் ஓரிடத்திலும் இருக்கக் கூடாது. அது ஸ்டாக் நிரம்பி வழிந்ததையும் சேர்த்து விழுங்கிவிடும்.

இனி, முதல் பிழையோடு நிற்காமல் தொடர்வது. பிழைகளைச் சேர்க்க ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, டைப் சரிபார்ப்பி பிழை கண்டதும் அதில் ஒரு பதிவைச் சேர்த்துவிட்டு வேலையைத் தொடரட்டும். தொடர்வதற்கு, பிழை கண்ட கோவைக்கு (எக்ஸ்பிரஷனுக்கு) ஏதாவது ஒரு டைப் வேண்டுமே என்பதுதான் இங்குள்ள உண்மையான கடினம். மூன்றாம் வரியில் 'விலை' என்ற வரையறை தவறிவிட்டது, அதைப் பின்னால் 20 இடங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'விலை'க்குத் தவறான டைப் கொடுத்தால் 21 பிழைகள் வரும், அவற்றில் 20 பொய். இதற்கு ஜி.எச்.சி. காட்டும் வழி அழகானது: டைப் எழுதப்படாத ஒரு வரையறை சரிபார்ப்பில் தோற்றால், அதற்கு 'எந்த டைப்புக்கும் பொருந்தும்' பொதுமை டைப்பைக் கொடுத்துவிடுகிறது; பயனரே டைப்பை எழுதியிருந்தால் அதையே நம்பி மேலே செல்கிறது. அதனால் பின்வரும் பயன்பாடுகள் வீணாகக் குறை சொல்லாமல் கடந்துபோகின்றன. வரையறைக்குள் இருக்கும் கோவைகளுக்கு, எதனோடும் ஓசையின்றிப் பொருந்தும் 'பிழை டைப்' ஒன்றை உங்கள் டைப் வகைகளில் சேர்த்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பட்டியலைப் பாருங்கள். பிழை ஒன்றேனும் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகாமல் அச்சிட்டு நிறுத்துங்கள். இயந்திரக் குறியை உருவாக்கும் கட்டத்தில் பிழை டைப் தென்பட்டால் அது உங்கள் வழு, பேனிக் செய்யுங்கள்.

எக்செப்ஷனை முழுவதும் துறக்கச் சொல்லவில்லை. இரண்டு டைப்புகளை ஒருங்கிணைக்கும் (ஒன்றோடொன்று பொருத்தும்) வேலையில் ஃபங்ஷன் தன்னைத்தானே ஆழமாக அழைத்துக்கொண்டே போகும். அதன் அடியில் பொருத்தம் தவறினால் மேலே வருவதற்கு எக்செப்ஷனைவிடத் தெளிவான வழி இல்லை. ஆனால் அது அந்த மாட்யூலின் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லையில் பிடித்து, பிழைப் பதிவாக மாற்றிவிட வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. டைப் மாறிகளை (இன்னும் தெரியாத டைப்புகளுக்கான இடங்களை) ரெஃப் (மதிப்பை மாற்றக்கூடிய பெட்டி) கொண்டு எழுதியிருந்தால், பாதி வழியில் எக்செப்ஷன் வீசப்படும்போது, அதற்குள் ஒரு டைப்போடு கட்டப்பட்டுவிட்ட மாறிகள் கட்டப்பட்டபடியே இருக்கும். முதல் பிழையில் நின்றவரை அது தெரியவில்லை, தொடர்ந்து ஓடத் தொடங்கியதும் அந்த அரைகுறைக் கட்டுகள் சம்பந்தமே இல்லாத வரிகளில் பிழையாக முளைக்கும். ஓகேமல் கம்பைலர் தன் டைப் மாற்றங்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. தேவைப்படும் இடத்தில் 'ஸ்னாப்ஷாட்' எடுத்துக்கொண்டு, தோற்றால் 'பேக்ட்ராக்' செய்து பழைய நிலைக்குத் திரும்புகிறது. உங்களுக்கும் அது வேண்டும். மாற்றிய மாறியையும் அதன் முந்தைய மதிப்பையும் ஒரு ஸ்டாக்கில் தள்ளி வைப்பதுதான் முழு வேலையும், 30 வரிக்குள் எழுதிவிடலாம்.

பிழைப் பதிவில் வாசகத்தை வைக்காதீர்கள். எதிர்பார்த்த டைப், கிடைத்த டைப், இடம் ஆகியவற்றை வேரியன்ட்டாக (வகைப்பெயரோடு கூடிய தரவாக) வையுங்கள், வாக்கியம் அச்சிடும்போது உருவாகட்டும். ஓகேமல் கம்பைலரின் டைப் பிழை எக்செப்ஷன் இடத்தையும் சூழலையும் பிழையின் விவரத்தையும் தரவாகவே சுமந்து செல்கிறது. ஜி.எச்.சி. நெடுங்காலம் வாசகமாக வைத்திருந்ததை வேரியன்ட்டுகளாக மாற்ற ஆண்டுக்கணக்கான உழைப்பு தேவைப்பட்டது. 2023 இல் வந்த 9.6 பதிப்பில்தான் பிழைகளுக்கு எண்குறிகள் கிடைத்தன. சிறிய கம்பைலரில் இன்றே இதைச் செய்துவிடுவது எளிது.

இதே கம்பைலரை ஹாஸ்கெலில் எழுதுவோருக்கும் ஒரு சொல். அங்கே தூய ஃபங்ஷனுக்குள் எக்செப்ஷன் வீசும் 'எரர்' என்ற அழைப்பை எழுதினால், தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாத சோம்பல் மதிப்பீட்டின் காரணமாக அது நீங்கள் 'கேட்ச்' போட்ட இடத்தைத் தாண்டி, மதிப்பு உண்மையில் தேவைப்படும் வேறெங்கோ வெடிக்கலாம். 'இவாலுவேட்' செய்தாலும் மேலோடு மட்டுமே மதிப்பிடப்படும், உள்ளே புதைந்தது புதைந்தே கிடக்கும். ஒரே கோவையில் இரண்டு எக்செப்ஷன்கள் இருந்தால் எது எழும் என்பதையும் மொழி உறுதி செய்வதில்லை. எனவே பயனரின் பிழையை ஒருபோதும் 'எரர்' வழியாகச் சொல்லாதீர்கள்.

நீங்கள் எங்கே தொடங்குவது என்றால், ஒருங்கிணைப்புக்குப் பின்வாங்கும் பதிவேட்டை முதலில் எழுதுங்கள். அது இல்லாமல் பிழைப் பட்டியலைச் சேர்த்தால் எந்தப் பிழை மெய் என்று உங்களுக்கே தெரியாமல் போகும். பிறகு பிழை டைப், அதன்பின் பட்டியல். பட்டியலை அச்சிடுமுன் வரி எண்படி வரிசைப்படுத்துங்கள், ஏனெனில் சரிபார்ப்பி பிழைகளைக் காணும் வரிசை பயனர் நிரலை வாசிக்கும் வரிசையாக இருக்க வேண்டியதில்லை.