டாக்டர் அம்மாவிடம் கேளுங்கள்: பிள்ளைக்கு இரத்தம் ஏன் ஏறவில்லை?

பினாங்கில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இன்று இரும்புச் சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை பற்றி மட்டும் கேளுங்கள்.

செந்தூல்: மகனுக்கு ஆறு வயது. மூன்று மாதம் இரும்பு மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் 8-லேயே நிற்கிறது, டாக்டர் அம்மா.

எதோடு கொடுக்கிறீர்கள்? மைலோவோடா? பாலும் தேநீரும் இரும்பைக் குடலில் சேரவிடாது. ஒழுங்காகக் கொடுத்தால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. குடலைச் சந்தேகிக்க வேண்டும். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், வயிற்றுப்போக்கே இல்லாமல் இரத்தசோகையாக மட்டும் தலைகாட்டும். இரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், முடிவு தவறாக வரும். இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் காரணமாகலாம். இவையும் இல்லையென்றால், மிக அரிதாக, டிஎம்பிஆர்எஸ்எஸ்6 என்ற மரபணுவில் பிறவிக் கோளாறு இருக்கும். அதில் கல்லீரல், இரும்பு உள்ளே வருவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து குடலின் வாசலையே சாத்திவிடும். வாய்வழி மருந்து அநேகமாக வீண்; இரத்தக்குழாயில் ஏற்றினாலும் அரைகுறைப் பலன்தான்.

மருந்துப் புட்டியைப் பூட்டி வையுங்கள். இனிப்பென்று குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பட்டர்வொர்த்: இரண்டு வயது மகள். வலியில்லை, அழுகையில்லை, மலத்தில் கருஞ்சிவப்பாக இரத்தம்.

இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்பு மருந்தால் மலம் கறுக்கும், சிவக்காது. இந்த வயதில் என் முதல் சந்தேகம் மெக்கல் பை. கருவில் தொப்புளுக்கும் குடலுக்கும் இருந்த குழாயின் மிச்சம் அது. நூற்றில் 2 பேருக்கு இருக்கும், பெரும்பாலோர் அறியாமலே வாழ்ந்துவிடுவார்கள். சிலருக்கு அதற்குள் இரைப்பைத் திசு வளர்ந்து, அமிலம் சுரந்து, பக்கத்துக் குடலைப் புண்ணாக்கும். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனில் தெரியலாம். அறுவை செய்து எடுத்துவிடுவார்கள்.

ஆயர் ஈத்தாம்: பேரீச்சம்பழம் போதாதா?

போதாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்: சீலியாக் வெள்ளைக்காரர் நோய் அல்லவா? நாம் சோறு தின்பவர்கள்.

பஞ்சாபில் போய்ச் சொல்லுங்கள், தம்பி. அங்கே பிள்ளைகளுக்கு நிறையவே வருகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ்: எங்கள் பூர்வீகம் தஞ்சாவூர்.

தெற்கில் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். குறைவென்றால் இல்லையென்றா பொருள்? காலையில் நீங்கள் தின்ற ரொட்டி சானாய் எந்த அரிசியில் செய்தது?

ஜார்ஜ் டவுன்: இரத்தசோகையோடு இருமல், ஒருமுறை சளியில் இரத்தம்.

நுரையீரலுக்குள்ளேயே இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். நெஞ்சு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

கெப்போங்: முருங்கைக்கீரை, டாக்டர்?

பேரீச்சம்பழத்துக்குச் சொன்னதேதான். புட்டியைப் பூட்டினீர்களா?

பிரிக்ஃபீல்ட்ஸ்: நான் தின்றது தோசை.