தியானம் பாதியில் நின்றுபோகாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஆர்வமாகத் தொடங்குகிற தியானம் சில வாரங்களில் நின்றுவிடுகிறது, எப்படித் தொடர்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நின்றுபோவதற்குச் சோம்பலைவிடப் பெரிய காரணம், "இன்றைக்கும் மனம் அடங்கவில்லை, எனக்கு இது வராது" என்ற சலிப்பு. பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். மூச்சைக் கவனிக்க உட்காருகிறோம். மனம் எங்கோ ஓடுகிறது. ஓடியது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிகிறது. மறுபடி மூச்சுக்கு வருகிறோம். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சியே. ஐம்பது முறை ஓடி ஐம்பது முறை திரும்பினால் அன்று நன்றாகப் பயிற்சி செய்திருக்கிறீர்கள். எனவே உட்கார்ந்தீர்களா என்று மட்டும் பாருங்கள், எப்படி இருந்தது என்று மார்க் போடாதீர்கள்.

அப்புறம், "காலையில் செய்வேன்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் நாள் நழுவிவிடும். பல் தேய்த்து முடித்ததும், தினமும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் என்று ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தோடு சேர்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதுமா என்று தோன்றும். உடம்பு முடியாத நாளிலும் வேலை குவிந்த நாளிலும் செய்ய முடிகிற அளவுதான் நிலைக்கும். நேரத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள், நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும், உணவு, உடற்பயிற்சி போன்றவற்றில் புதுப் பழக்கம் தொடங்கிய 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். யோசிக்காமல் தானாகச் செய்கிற நிலைக்கு வர நடுவாந்திரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. இது எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு நாள் தவறினால் மறுநாள் வழக்கம்போல உட்காருங்கள், ஈடுகட்ட இரட்டிப்பு நேரம் எல்லாம் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றமோ பழைய வேதனையோ கிளம்பும். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், மெதுவாக நடந்தபடி பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம். அப்படியும் தொடர்ந்தால் தியானத்தை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.