அரைஞாண் கயிறு சொல்லாத அளவு

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. உயரம் 140 செ.மீ., எடை 40 கிலோ. பள்ளி மருத்துவ முகாமில் 'அதிக எடை' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கைப்பேசியில் கணக்குப் போட்டுப் பார்த்தால் பி.எம்.ஐ. 20.4, 'இயல்பு' என்று வருகிறது. மாமியாரோ, "வளர்கிற பிள்ளை, உயரும்போது சதை தானாக இழுத்துக்கொள்ளும்" என்கிறார். அவருக்கும் என் கணவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. நான் யாரை நம்புவது?
– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: முகாமில் எழுதியவரை நம்புங்கள். கைப்பேசி கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது. பெரியவர்களுக்கான அட்டவணையில் வைத்துப் பார்த்ததுதான் தவறு.

எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. பெரியவர்களுக்கு ஒரே எல்லை போதும். பிள்ளைகளுக்கு அந்த எல்லை வயதோடு நகரும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி ஆண் பிள்ளைகளின் நடு அளவு ஐந்து வயதில் ஏறக்குறைய 15.3, பத்தில் 16.4, பதினைந்தில் 19.8. பத்து வயதுப் பையனுக்கு 18.5-ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4-ஐத் தாண்டினால் உடல்பருமன். உங்கள் மகனின் 20.4 எங்கே நிற்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2015இல் நம் பிள்ளைகளுக்கென்றே தனி வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது. குழந்தை மருத்துவர் அதில்தான் புள்ளி வைத்துப் பார்ப்பார்.

ஆனால் எடைக்கருவிக்குக் கொழுப்பும் தெரியாது, சதையும் தெரியாது. இதற்கு நல்ல உதாரணம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2! இந்திய உடல்வாகு அப்படி. கை கால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேரும் கொழுப்புத்தான் சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழிவிடுகிறது. அதனால் பி.எம்.ஐ.யோடு இடுப்புச் சுற்றளவையும் பார்க்க வேண்டும். ஒல்லிப் பிள்ளை என்று விட்டுவிட்ட சிலர் இந்த அளவில்தான் அகப்படுகிறார்கள்.

இதை வீட்டிலேயே செய்யலாம். நீளாத நூல் ஒன்றை எடுத்து மகனின் உயரத்துக்கு அளந்து வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் தொட்டுக்கொண்டால் நல்லது. எட்டவில்லை என்றால் இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது என்று பொருள். உங்கள் மகனுக்கு அந்த எல்லை 70 செ.மீ. ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் இருவருக்கும் இதே பாதிக் கணக்குப் பொருந்தும். தையல்காரர் நாடா இருந்தால் எண்ணாகவே குறித்துக்கொள்ளலாம்.

எங்கே அளப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அரைஞாண் கயிறு கிடக்கும் இடம் இடுப்பு அளவு ஆகாது. வயிறு பெருக்கும்போது அது கீழே நழுவித் தொப்பைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கால்சட்டை அளவும் அப்படித்தான். (கயிறு இறுகினால் அவிழ்த்து நீளமாகக் கட்டிவிட்டு, அது என்ன சொல்ல வந்தது என்று நாம் யோசிப்பதும் இல்லை.) கடைசி விலா எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் நாடாவை வையுங்கள். சட்டை வேண்டாம். பையன் வயிற்றை எக்கக் கூடாது. இயல்பாக மூச்சு விட்ட நொடியில் அளவு எடுங்கள். உயரம் அளக்கும்போது வெறுங்காலோடு சுவரை ஒட்டி நிறுத்தி, தலைமேல் தடித்த புத்தகத்தைச் சுவரோடு செங்குத்தாகப் பிடித்துக் குறியுங்கள். எல்லாவற்றையும் இரண்டு தடவை பாருங்கள். விருந்தாளிகள் முன்னால் மட்டும் அளக்காதீர்கள், பாவம்.

அப்படியே பின்கழுத்தையும் அக்குளையும் பாருங்கள். தோல் கறுத்துத் தடித்து வெல்வெட் போல இருக்கிறதா? அழுக்கென்று பீர்க்கங்கூட்டால் தேய்த்து எத்தனையோ பிள்ளைகளின் கழுத்தைப் புண்ணாக்கியிருக்கிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் வெளி அடையாளம் அது; தேய்த்தால் போகாது. இரவில் குறட்டை, முழங்கால் வலி இருந்தாலும் குறித்து வையுங்கள். பருத்த பிள்ளைகள் பொதுவாக வயதுக்கு மீறிய உயரத்தோடுதான் இருப்பார்கள். பருமனும் குள்ளமும் சேர்ந்து வந்தால் தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஆச்சி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வார்கள். உங்கள் மகன் 40 கிலோவிலேயே நின்று 146 செ.மீ. ஆனால் பி.எம்.ஐ. 18.8-க்கு இறங்கிவிடும். ஆகவே பட்டினி போட வேண்டாம், எடையைக் குறைக்கவும் வேண்டாம். ஏறாமல் பிடித்தால் போதும். ஆனால் அது தானாக நடக்காது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வியர்க்க விளையாட வேண்டும். சாயங்காலப் பலகாரத்தையும் புட்டிப் பானத்தையும் நிறுத்த வேண்டும். விசேஷ நாளில் ஒரு துண்டு அல்வாவைத் தடுக்க மாட்டேன்.

இந்த அளவுகள் நோயைச் சொல்வதில்லை, யாரைச் சோதிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கின்றன. தகப்பனுக்குச் சர்க்கரை இருப்பதாலும் பி.எம்.ஐ. எல்லை தாண்டியிருப்பதாலும், நூல் எட்டினாலும் எட்டாவிட்டாலும் உங்கள் மகனை ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கைக்கு ஏற்ற பட்டையில் இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, ஈரல் பரிசோதனைகளுக்கு இரத்தம் எடுப்பார்கள். முந்தைய இரவு உணவுக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் கொடுக்காமல் காலையில் அழைத்துப் போங்கள். கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனால் அது வெறும் வயிறு ஆகாது.